ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? நடுரோட்டில் வண்டி நின்றால் கியர்பாக்ஸைக் காப்பாற்றும் வழி

வாலாஜாவுக்கும் வாணியம்பாடிக்கும் இடையே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால், முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு கயிறுதான். பின்னால் வந்த லாரியோ மினி லோடு வண்டியோ ஓரம் கட்டும். "இன்னா சார், நின்னுடுச்சா? நியூட்ரல்ல போடுங்க, காட்பாடி வரைக்கும் இழுத்து உட்டுடறேன்" என்று ஓட்டுநர் இறங்கி வருவார். தார்ப்பாய் கட்டும் கயிறு லாரியில் எப்போதும் இருக்கும். உதவும் மனசும் இருக்கும். மே மாத வேலூர் வெயிலில், பின்சீட்டில் குழந்தையும் அம்மாவும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இருபது வருஷத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ரோட்டில் ஓடிய கார்களில் கிட்டத்தட்ட எல்லாமே கையால் கியர் மாற்றுபவை. நியூட்ரலில் போட்டு, மெதுவாக இழுத்துப் போனால் வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இன்று நிலைமை வேறு. டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்தே கால் வலிக்கிறது என்று ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள், பெட்ரோல் விலைக்குப் பயந்து மின்கார் வாங்கியவர்கள், மைலேஜுக்காக ஹைபிரிட் வாங்கியவர்கள் எல்லாரும் அதே ரோட்டில்தான் போகிறார்கள். அவர்களின் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள 20 கிலோமீட்டர் இழுத்துப் போனால், சின்ன கோளாறில் நின்ற வண்டி கியர்பாக்ஸோ மோட்டாரோ போன வண்டியாக ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையலாம். இழுத்து வந்தவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். செலவுக் கணக்கு சில நாள் கழித்துத்தான் கைக்கு வரும்.

எஞ்சின் ஓடவில்லை, சக்கரம் மட்டும் ஓடினால்?

கார் நின்றுவிட்டது என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் இழுக்கும்போது சக்கரம் சுற்றுகிறது. சக்கரத்தோடு ஆக்சில், ஆக்சிலோடு கியர்பாக்ஸின் ஒரு பாதி சுற்றுகிறது. சிக்கல் முழுவதும் இந்த 'ஒரு பாதி'யில்தான் இருக்கிறது.

வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், அதாவது டார்க் கன்வெர்ட்டர் வகையில், உள்ளே ஆயிலைச் சுழற்றி அனுப்ப ஒரு பம்ப் இருக்கிறது. அந்த பம்பைச் சுற்றுவது எஞ்சின். சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், ஆயில் அடியில் தேங்கிக் கிடக்கும். மேலே இருக்கும் பல்சக்கரங்களும் கிளட்ச் தட்டுகளும் சக்கரத்தின் இழுப்பில் வறண்டபடி சுற்றும். சூடாகும், உரசும், தேயும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். டிரம்முக்குள் தோலோடு போதுமான தண்ணீர் விட்டுத்தான் சுற்ற விடுவார்கள். தண்ணீர் குறைந்தால் தோல் ஒன்றோடொன்று உரசி மேல்பக்கம் பாழாகிவிடும்.

'நியூட்ரல்லதான சார் இருக்கு' என்பது இங்கே சமாதானம் ஆகாது. நியூட்ரல் என்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே விசை போகாது, அவ்வளவுதான். கியர்பாக்ஸின் வெளிப்பக்கப் பாகங்கள் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும்.

சிவிடி வகையில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அதில் பல்சக்கரங்களுக்குப் பதில் இரண்டு கூம்புக் கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஒரு இரும்பு பெல்ட்டும் வேலை செய்கின்றன. பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருப்பது ஆயில் அழுத்தம். அழுத்தம் இல்லாமல் கப்பி சுற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியின் பளபளப்பான முகத்தில் கீறல் போடும். கீறல் விழுந்த கப்பியைப் பாலிஷ் போட்டுத் திருப்பி மாட்ட முடியாது. பெரும்பாலும் மொத்த யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள்.

ஏஎம்டி கொஞ்சம் தப்பித்தது. மாருதி 'ஏஜிஎஸ்' என்று விற்பதும் இதுதான். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மனிதருக்குப் பதில் ஒரு இயந்திரக் கை செய்கிறது. நியூட்ரலில் இருந்தால் மேனுவல் காரைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் அந்த இயந்திரக் கைக்கு பேட்டரி வேண்டும். கியரில் இருக்கும்போது பேட்டரி செத்துவிட்டால், லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் உள்ளே கியர் கழன்றிருக்காது. லீவர் ஒரு சுவிட்ச் மட்டுமே. தெரியாமல் இழுத்தால் சக்கரம் எஞ்சினையும் சேர்த்து இழுக்கும்.

மின்காரில் நியூட்ரல் என்பதே ஒரு மென்பொருள் ஏற்பாடு. பெரும்பாலான மின்கார்களில் மோட்டாரும் சக்கரமும் நிரந்தரமாக இணைந்திருக்கின்றன. நடுவில் கழற்றிவிட கிளட்ச் இல்லை. காந்தம் பொருத்திய மோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் அது ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உற்பத்தி செய்யும். வண்டி நல்ல நிலையில் ஓடும்போது இதுதான் பிரேக் போட்டால் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றுகிறது. வண்டி செயலிழந்து, குளிர்விக்கும் பம்பும் கட்டுப்பாட்டுக் கருவியும் தூங்கிக்கொண்டிருக்கும்போது அதே மின்சாரம் போக வழியின்றி மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் சூடாக்கும். அதனால்தான் மின்கார் கையேடுகள் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கின்றன: ஓட்டும் சக்கரம் தரையில் உருளக் கூடாது, பிளாட்பெட்டில் ஏற்றுங்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களிலும் சக்கரத்தோடு ஒரு மின்மோட்டார் இணைந்தே இருப்பதால் அதே எச்சரிக்கைதான்.

இது இனி பெருநகரத்துக்காரர்களின் கவலை மட்டும் இல்லை. ராணிப்பேட்டை மாவட்டம் பணப்பாக்கத்தில் ரூ.9,000 கோடி முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் குழுமத்தின் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கார் செய்யும் பெல்ட்டாகவும் மாறிக்கொண்டிருக்கும் இந்த ஊர்களில், கார் இழுக்கும் முறை மட்டும் இன்னும் அம்பாசிடர் காலத்திலேயே நிற்கிறது.

எந்தச் சக்கரத்தைத் தூக்குவது?

கிரேன் வந்துவிட்டால் பிரச்னை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரம் உருள இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டிகளே நம் பக்கம் அதிகம். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, நெக்ஸான் மாதிரி முன்சக்கரம் ஓட்டும் கார்களுக்கு இது சரியான முறை. கியர்பாக்ஸோடு இணைந்த சக்கரங்கள் காற்றில் இருக்கும், பின்சக்கரங்கள் சும்மா உருளும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ வகையறாக்களில் ஓட்டுவது பின்சக்கரம். அந்த வண்டி ஆட்டோமேட்டிக்காக இருந்து முன்பக்கத்தைத் தூக்கினால், கியர்பாக்ஸை வறண்டபடி சுற்றவைக்கும் அதே தவறுதான் நடக்கும். கிரேன்காரர் 'தூக்கித்தான சார் எடுத்துட்டுப் போறோம்' என்பார். தவறான பக்கத்தைத் தூக்கினால், தூக்கியதால் பலன் இல்லை. நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டி என்றால் நான்கும் மேலே ஏற வேண்டும்.

நகரத்துக்குள் இன்னொரு ரகம் உண்டு. தடை செய்த இடத்தில் பார்க் செய்த காரை இழுவை வண்டியில் எடுத்துப்போகும்போது, எந்தப் பக்கம் வாட்டமோ அந்தப் பக்கத்தைத் தூக்குவார்கள். 'பி'-யில் போட்டு நிறுத்திய முன்சக்கர ஆட்டோமேட்டிக்கைப் பின்னால் தூக்கி இழுத்தால், பூட்டிய முன்சக்கரங்கள் ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும். கியர்பாக்ஸுக்குள் பூட்டுப் போடும் சின்ன இரும்புக் கொண்டி உடையவும் வாய்ப்பு உண்டு. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு அடியில் சின்ன உருளை டிராலி வைத்தால் இதைத் தவிர்க்கலாம். அந்த டிராலியை எல்லா ஊரிலும் பார்க்க முடியாது என்பதுதான் சோகம்.

சரி, மேனுவல் கார்தான். கயிறு கட்டலாமா?

கட்டலாம். ஆனால் வண்டிக்கு ஆகாத சேதம் ஆளுக்கு ஆகலாம் என்பதை மறக்கக் கூடாது.

எஞ்சின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. முதல் ஒன்றிரண்டு மிதிக்குப் பழைய வாக்குவம் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். இரண்டு காலாலும் ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்கும். பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. சாவியை முழுவதும் எடுத்துவிட்டால் முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் லாக் ஆகும். அதனால் சாவி 'ஏசிசி' அல்லது 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். இந்த நிலையில் உள்ள ஒரு காரை, ஐந்து மீட்டருக்கும் குறைவான இடைவெளியில், சட்டென்று பிரேக் அடிக்கும் ஒரு லாரிக்குப் பின்னால் ஓட்டுவது சுலபமான காரியம் அல்ல. புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பியை அந்த சீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

கயிறு தளர்ந்திருந்து வெடுக்கென்று இறுகும் தருணத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. அறுந்த நைலான் கயிறு ரப்பர் மாதிரி திரும்பி வந்து அடிக்கும்; அதன் நுனியில் இரும்புக் கொக்கி இருந்தால் கண்ணாடியை உடைத்து உள்ளேயும் வரும். அதனால் இரண்டு வண்டிக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, கயிற்றைத் தாண்டிக்கூடப் போகக் கூடாது. இழுக்கும் வண்டி அரை கிளட்சில் ஊர்ந்து கயிற்றை நிமிர்த்திய பிறகே வேகம் எடுக்க வேண்டும். பின்னால் இருப்பவர் லேசாக பிரேக் தொட்டுக்கொண்டே வந்து கயிறு தளராமல் பார்த்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

கட்டும் இடமும் முக்கியம். பம்பரில் கட்டினால் பம்பர் கையோடு வரும், இப்போதைய பம்பர் வெறும் பிளாஸ்டிக். அடியில் குனிந்து கைக்கு அகப்பட்ட கம்பியில் கட்டினால் அது ஸ்டீயரிங் ராடாகவோ சஸ்பென்ஷன் ஆர்மாகவோ இருந்து அலைன்மென்ட்டே மாறிப்போகும். இதற்கென்றே கார் கம்பெனி ஒரு திருகாணிக் கொக்கி கொடுத்திருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கியோடு அதே டூல் பையில் இருக்கும். பம்பரில் ஒரு ஓரமாக உள்ளங்கை அளவுக்குக்கூட வராத சின்ன மூடி தெரியும். அதைத் தட்டித் திறந்தால் மரை போட்ட ஓட்டை. கொக்கியை அதில் கடைசி வரை திருக வேண்டும். சில கார்களில் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், இறுகவில்லையே என்று பதறாமல் இடப்பக்கமாகத் திருகிப் பார்க்கலாம். புது கார் வாங்கிய பலர் இந்தக் கொக்கியை ஒரு தடவைகூட வெளியே எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இறக்கத்தில் மட்டும் கயிறு வேண்டவே வேண்டாம். வார இறுதியில் ஏலகிரிக்கு ஏறும் கார்களில் சில, 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் எஞ்சின் சூடாகி நின்றுவிடும். அங்கிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்க முயன்றால், இறக்கத்தில் பின்னால் இருக்கும் காரை எதுவும் பிடித்து வைக்காது. கயிறு இழுக்கத்தான் செய்யும், தடுக்காது. பூஸ்டர் இல்லாத பிரேக்கோடு வளைவில் முன்னால் போகும் வண்டி மேலேயே மோத வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கயிறு கட்டி இழுப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட விஷயம் இல்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு. 1989-ம் ஆண்டின் சாலை விதிகள் ஒழுங்குமுறையில் இழுப்புக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. பழுதாகி நின்ற வாகனத்தை, பக்கத்தில் உள்ள பங்க் அல்லது ஒர்க்‌ஷாப் வரைக்கும் இழுக்கலாம். இழுக்கப்படும் காரின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கோடு திரும்பும் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரு வண்டிக்கும் இடைவெளி ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். இழுக்கப்படும் வண்டியின் பின்னால் வெள்ளைப் பின்னணியில், குறைந்தது 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதியிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள். இந்த ஒழுங்குமுறையின் இடத்தில் 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இழுப்புக்குத் தனி விதி வைத்திருக்கின்றன.

மணிக்கு 24 கிலோமீட்டர் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்தில் 100-ல் பறக்கும் ஆம்னி பஸ்கள். ராத்திரியில் அந்த ஐந்து மீட்டர் கயிறு யார் கண்ணுக்கும் தெரியாது. இரண்டு வண்டிக்கும் நடுவில் சந்து கிடைத்தது என்று பைக்கில் நுழைகிறவர் கதி என்ன? நெடுஞ்சாலையில் நீண்ட தூரத்துக்குக் கயிறு கட்டவே கூடாது என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும். ஒரு பேச்சுக்கு, கிரீன் சர்க்கிள் பக்கம் நின்ற காரைப் பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடிக்குக் கொண்டுவருவதாக இருந்தாலும், நெரிசல் நேரத்தில் கயிறு நல்ல யோசனை இல்லை.

நின்ற வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பொது இடத்தில் பழுதான வாகனத்தைப் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தி வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 201-வது பிரிவில் ரூ.500 வரை அபராதம் உண்டு.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விபத்தில் சேதமான காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு, தனியார் கார் பாலிசியின் வழக்கமான வாசகத்தில் இருப்பது ரூ.1,500 வரைதான். இயந்திரக் கோளாறும், ஒரு சேதத்தைத் தொடர்ந்து வரும் சேதமும் அடிப்படை பாலிசியில் கிடையாது. தவறாக இழுத்ததால் கியர்பாக்ஸ் போயிற்று என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். வாரன்டி கோருகையிலும் 'கையேட்டில் சொன்னபடி இழுக்கவில்லை' என்ற ஒரு வரி போதும்.

உதவிக்கு வரும் லாரிக்காரர் பக்கமும் ஒரு விஷயம் உண்டு. சரக்கு வாகன பாலிசிகளின் வழக்கமான வாசகம், பழுதான ஒரே ஒரு வாகனத்தைக் காசு வாங்காமல் இழுப்பதை மட்டுமே அனுமதிக்கிறது. கையில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு இழுக்கும்போது விபத்து நடந்தால், அவரது இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்க இடம் உண்டு. நன்றிக்குக் காசு கொடுப்பதே அவருக்கு வம்பாகலாம் என்பது கொஞ்சம் விநோதம்தான்.

'ரோடுசைடு அசிஸ்டன்ஸ்' என்ற கூடுதல் கவர் இருந்தால் நிலைமை நல்லது. கார் கம்பெனிகளும் தருகின்றன, இன்ஷூரன்ஸிலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் இலவசம், எந்த ஒர்க்‌ஷாப் வரைக்கும், வருஷத்துக்கு எத்தனை தடவை என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். புதுப்பிக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்த்து 'ஓகே' தட்டாமல் அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டினால் நல்லது.

அமெரிக்காவில் இதையே ஆசையாகச் செய்கிறார்கள்

நம் ஊரில் 'கேரவன்' என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் முதலில் ஞாபகம் வரும். அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் பஸ் அளவு மோட்டார்ஹோமில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். அவ்வளவு பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போக முடியாதே? அதனால் பின்னால் ஒரு சின்ன காரை, நான்கு சக்கரமும் தரையில் உருள, கட்டி இழுத்துக்கொண்டே போகிறார்கள். அந்தக் காருக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'டோட்'. ஆங்கிலத்தில் 'இழுக்கப்படுவது' என்ற சொல்லும் 'தேரை' என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த பெயர்.

ஆனால் அவர்கள் கயிறு கட்டுவதில்லை. காரின் முன்பக்கச் சட்டத்தில் ஒரு இரும்புத் தகட்டை நிரந்தரமாக போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். அதிலிருந்து 'ஏ' வடிவ இரும்புக் கம்பி மோட்டார்ஹோமின் கொக்கிக்குப் போகிறது. கம்பி கழன்றாலும் கார் ஓடிப்போகாமல் இருக்க, தனியாக இரண்டு பாதுகாப்பு கேபிள்கள். முன்னால் பிரேக் விளக்கு எரிந்தால் காரின் பின்னாலும் எரிய வயரிங். மோட்டார்ஹோம் பிரேக் பிடித்தால் காரின் பிரேக் பெடலையும் தானாக அழுத்தும் கருவி. இணைப்பு முழுவதும் அறுந்துபோனால் காரை அதுவாகவே நிறுத்தும் சுவிட்ச். காட்பாடி ஜங்ஷனில் ரயிலோடு பழுதான எஞ்சினை இணைத்து இழுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் கொக்கி மாட்டியதோடு விடுவதில்லை, பிரேக் குழாயையும் சேர்த்து இணைப்பார்கள்.

இவ்வளவும் மாட்டினாலும் எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. கையேட்டில் 'நான்கு சக்கரமும் தரையில் இழுக்கலாம்' என்று கம்பெனி எழுதியிருக்க வேண்டும். ஹோண்டா சிஆர்-வி பல வருஷம் இவர்களுக்குப் பிடித்த கார். தினமும் கிளம்பும் முன் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு ஆயிலைப் பரவச்செய்து நியூட்ரலில் போட்டால் போதும். 2015 மாடலில் சிவிடி வந்தது. ஹோண்டா இனி அப்படி இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. ஒரு கியர்பாக்ஸ் மாற்றம் ஒரு காரையே அந்தக் கூட்டத்தின் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது.

ஜீப் ராங்ளர் இன்றும் செல்லம். காரணம், அதில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி இருக்கிறது, அதற்கென்று தனி நியூட்ரல் உண்டு. அதைப் போட்டுவிட்டால் சக்கரங்கள் சுற்றுவது கியர்பாக்ஸ் வரைக்கும் வந்து சேராது. நம் ஊர் தார் ஃபோர் வீல் டிரைவிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரில் 'என்' நிலை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இழுக்கலாம் என்று தானே முடிவெடுக்க வேண்டாம், அந்த மாடலின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடம், பின்னால் காரோடு மோட்டார்ஹோம் ரிவர்ஸ் எடுக்க முடியாது. எடுத்தால் காரின் முன்சக்கரங்கள் இஷ்டத்துக்குத் திரும்பி, கம்பி வளைந்துவிடும். முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால் இறங்கி, கழற்றி, திருப்பி, மாட்ட வேண்டியதுதான்.

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்த பிறகு தென்னிந்தியாவிலும் இந்த ஆசை கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. ஆனால் கேரவனுக்குப் பின்னால் ஒரு ஸ்விஃப்ட்டைக் கட்டிக்கொண்டு டூர் போகலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மேலே சொன்ன விதியில் இழுப்பு அனுமதி பழுதான வண்டிக்குத்தான். நன்றாக ஓடும் காரை வசதிக்காக இழுத்துப் போக அதில் இடமில்லை.

சரி, வண்டி நின்றுவிட்டது. இப்போ என்ன பண்ணலாம்?

முதலில் ஆட்கள், பிறகுதான் கார். இடப்பக்க ஓரம் வரை உருண்டால் உருட்டிவிடுங்கள், ஹசார்ட் விளக்கு போடுங்கள், எல்லாரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு வெளியே போய் நில்லுங்கள். ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் நெடுஞ்சாலையில் மோசமான முடிவு. கார் வாங்கும்போது கொடுத்த சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள்.

1033. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர இலவச எண். பள்ளிகொண்டா, வாணியம்பாடி, வாலாஜா டோல்கேட்களில் கட்டும் காசில் ரோந்து வண்டியும் கிரேனும் அடக்கம். ரோட்டை மறித்து நிற்கும் வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவது அவர்கள் வேலை. உங்களுக்குப் பிடித்த சர்வீஸ் சென்டர் வரைக்கும் கொண்டுபோய் விடுவது அதில் வராது. ஆனால் ஆபத்தான இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டர் நகர்ந்துவிட்டாலே, பிளாட்பெட் வரும் வரை இரண்டு மணி நேரம் பதற்றமில்லாமல் காத்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் காரையும் அந்தச் சின்ன தூரத்துக்கு நியூட்ரலில் போட்டு மெதுவாகத் தள்ளுவதில் தப்பில்லை. ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களின் பல கையேடுகள் ஆட்டோமேட்டிக்குக்கும் அதிகபட்சம் 50 கிலோமீட்டர் வேகம், 50 கிலோமீட்டர் தூரம் என்று எல்லை கொடுக்கின்றன. வேறு சில கம்பெனிகள் ஒரு மீட்டருக்கும் அனுமதி தருவதில்லை. எது உங்கள் காருடையது என்பது கையேட்டில் 'டோயிங்' என்ற பக்கத்தில் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை இப்போதே போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி செத்துப்போய் லீவர் 'பி'-யிலேயே மாட்டிக்கொண்டால், பல கார்களில் கியர் லீவர் பக்கத்தில் சாவி நுனி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன துவாரம் இருக்கும். மூடியைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டு உள்ளே அழுத்தினால் லீவர் நகரும். பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் அந்த வழி போதாது. வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தால்தான் பிரேக் விடும். வரும் ரெக்கவரி வண்டியில் ஜம்பர் கேபிள் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அதே போனில் சொல்ல வேண்டியவை இன்னும் சில. வெறும் 'வண்டி நின்னுடுச்சு' என்றால் பக்கத்தில் சும்மா இருக்கும் கிரேன்தான் வரும். மாடல் பெயர், ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, மின்காரா, முன்சக்கர ஓட்டமா பின்சக்கரமா, சக்கரம் நான்கும் உருள்கிறதா, அடியில் தரை இடைவெளி கம்மியா என்று சொல்லி, 'பிளாட்பெட்தான் வேணும்' என்று அழுத்திக் கேளுங்கள். இடம் சொல்ல கூகுள் லொகேஷனோடு பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், சென்னை போகும் பக்கமா பெங்களூரு போகும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு உள்ள ரோடு. எதிர்ப்பக்கத்தில் வந்துவிட்டால் அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வர அவருக்கு இன்னும் அரைமணி நேரம் ஆகும்.